ஜெலுத்தோங் மரமும் உறைந்த ஏரியும்: மண்ணுக்குள் இருக்கும் கார்பன் ஏன் வெளியே வருகிறது?

பினாங்கில் ஜெலுத்தோங் என்றதும் சந்தை, அடுக்குமாடி வீடுகள், கடலோர நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் உள்ள குப்பைமேடு ஆகியவைதான் நினைவுக்கு வரும். அது ஒரு மரத்தின் பெயரும்கூட. அந்தப் பேட்டைக்கே மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜெலுத்தோங் மரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேட்டு நிலக் காடுகளில் வளர்வது. மற்றொன்று சதுப்பு ஜெலுத்தோங். அது வளரும் இடம் சாதாரண மண் இல்லை. கால் வைத்தால் உள்ளே இறங்கும், தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் பீட் நிலம். மலாயில் இதைத் 'தானா காம்புட்' என்பார்கள்.

உலகத்தின் வெப்பம் எவ்வளவு கூடும் என்ற கணக்கில் இந்த மண்ணுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. இதே மண் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கனடாவிலும் உண்டு. அங்கே அது பனியில் உறைந்து கிடக்கிறது. இங்கே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. இரண்டு இடத்திலும் இப்போது ஒரே கவலைதான்: பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் அடங்கியிருந்த கார்பன் வெளியே வரத் தொடங்கிவிட்டது.

அது ஏன், எப்படி, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

பீட் மண் என்றால் என்ன?

காட்டில் ஓர் இலை விழுந்தால் சில மாதங்களில் மக்கிவிடும். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்றுவிடும். இலையில் இருந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பக் காற்றில் கலந்துவிடும்.

அதே இலை தண்ணீர் தேங்கிய இடத்தில் விழுந்தால் கதை வேறு. தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆக்சிஜன் இல்லாமல் நுண்ணுயிர்களால் வேகமாக வேலை செய்ய முடியாது. இலை முழுசா மக்குவதற்குள் அதன்மேல் இன்னோர் இலை, ஒரு கிளை, ஒரு மரம் என்று விழுந்துகொண்டே இருக்கும். அரைகுறையாக மக்கிய இந்தக் குவியல்தான் பீட்.

இது மிக மெதுவாக வளரும் மண். நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் உயரும். அப்படியென்றால் ஒரு மீட்டர் பீட் சேர 500 முதல் 1,000 ஆண்டுகள் ஆகும். சரவாக்கிலும் சுமத்ராவிலும் 10 மீட்டரைத் தாண்டிய ஆழத்துக்கும் பீட் இருக்கிறது.

உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகின் எல்லாக் காடுகளின் மரம், செடி, கொடிகளிலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் இந்த 3 விழுக்காட்டு நிலத்துக்குள் இருக்கிறது. மலேசியாவில் சுமார் 2.5 மில்லியன் ஹெக்டர் பீட் நிலம் உண்டு. அதில் பெரும்பகுதி சரவாக்கில்.

தண்ணீரை வடித்தால் என்ன ஆகும்?

பீட் நிலத்தில் அப்படியே விவசாயம் செய்ய முடியாது. செம்பனையோ அன்னாசியோ நட வேண்டுமென்றால் முதலில் கான் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் இறங்கியதும் மேல்மண்ணுக்குள் காற்று நுழைகிறது. இத்தனை காலம் சும்மா இருந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இலையும் வேரும் இப்போது மக்கத் தொடங்கும்.

இங்கே தீயோ புகையோ எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு? பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அறிவியல் குழுவான ஐபிசிசி, 2013-இல் ஈரநிலங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கீட்டு வழிகாட்டி வெளியிட்டது. தண்ணீர் வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் செம்பனை இருந்தால், ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பது அதில் உள்ள சராசரி. ஒரு ஹெக்டர் என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கால்பந்துத் திடல். ஒரு சாதாரண கார் ஓராண்டில் நாலைந்து டன் வெளியிடும். ஆக, ஒரு ஹெக்டர் உலர்ந்த பீட், எட்டு ஒன்பது கார்கள் ஓராண்டு ஓடியதற்குச் சமம்.

இன்னொரு விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிலம் தாழ்ந்துபோகிறது. தண்ணீர் வடிந்த முதல் ஐந்து ஆண்டுகளில் பீட் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். பீட் நிலத் தோட்டங்களில் செம்பனை மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பது இதனால்தான். வேருக்குப் பிடிமானமான மண் காணாமல் போய்விட்டது. தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சாய்ந்த மரமும் அமுங்கிப்போகும் சாலையும் அவர்களில் பலருக்குத் தெரிந்த காட்சிதான்.

கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பீட் வளர்வது ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இறங்குவது 5 சென்டிமீட்டர். குறைந்தது 25 ஆண்டுச் சேமிப்பு ஒரே ஆண்டில் போகிறது. கடலோர நிலமாக இருந்தால் ஒரு கட்டத்தில் அது ஆற்று மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அதன்பிறகு வெள்ளநீர் தானாக வடியாது.

பீட் தீ ஏன் லேசில் அணைவதில்லை?

2020 ஆகஸ்ட் மாதம் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பிடித்தது பினாங்குக்காரர்களுக்கு நினைவிருக்கும். மேலே தண்ணீர் பீய்ச்சியும் பல நாள் புகைந்தது. காரணம், எரிந்தது மேற்பரப்பு மட்டும் இல்லை. குவியலுக்கு உள்ளேயும் கனன்றுகொண்டிருந்தது.

ஜெலுத்தோங் குப்பைமேடு பீட் நிலம் அல்ல. ஆனால் பீட் தீயைப் புரிந்துகொள்ள அது நல்ல உதாரணம். உலர்ந்த பீட் கிட்டத்தட்ட ஓர் எரிபொருள். அயர்லாந்தில் பல நூற்றாண்டுகளாக அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் தீப்பிடித்தால் பெரிய சுவாலை வராது. கொசுவர்த்திச் சுருள் போல மண்ணுக்குள்ளேயே கனன்று, ஊர்ந்து போகும். ஓரிடத்தில் அணைத்தால் சில மீட்டர் தள்ளி மறுபடி புகையும். நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் ஏறும்வரை அது முழுசா அணையாது.

குறைந்த வெப்பத்தில், போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரிவதால் புகையும் மிக அதிகம். அந்தப் புகைதான் நமக்குப் பழக்கமான புகைமூட்டம்.

கணக்கையே மாற்றிய 1997

1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில், நெல் பயிரிடுவதற்காகச் சுமார் ஒரு மில்லியன் ஹெக்டர் பரப்பில் திட்டம் ஒன்று தொடங்கியது. பீட் காட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. நெல் விளையவில்லை. 1997-இல் கடுமையான எல் நினோ வறட்சி வந்தது. உலர்ந்த பீட் மாதக்கணக்கில் எரிந்தது.

அறிவியலாளர் சூசன் பேஜும் அவருடைய குழுவினரும் 2002-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின்படி, 1997-இல் இந்தோனேசியாவின் பீட் நிலத் தீ 0.81 முதல் 2.57 பில்லியன் டன் கார்பனை வெளியேற்றியது. அக்காலத்தில் உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஓராண்டில் வெளியேற்றிய கார்பனில் இது 13 முதல் 40 விழுக்காடு.

அந்தத் தீயில் சராசரியாக அரை மீட்டர் ஆழ பீட் சாம்பலானது. பல நூற்றாண்டுச் சேமிப்பு, ஒரே வறட்சியில்.

2005, 2013, 2015, 2019 என்று புகைமூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. 2019 செப்டம்பரில் மலேசியாவில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. பினாங்கிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இதை வாசிக்கும் பலர் அப்போது பள்ளி மாணவர்களாக இருந்திருப்பீர்கள். அன்று நீங்கள் சுவாசித்த புகையில் ஒரு பகுதி, மனிதர்கள் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பே விழுந்த இலைகளுடையதாகக்கூட இருக்கலாம்.

சரி, வடக்கே என்ன நடக்குது?

வடதுருவத்தைச் சுற்றியுள்ள நிலங்களில் கார்பனைக் காப்பது பனி. அங்கே மண் ஆண்டு முழுக்க உறைந்தே இருக்கும். இதை நிரந்தர உறைமண் என்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்த இறைச்சி கெடாமல் இருப்பதுபோல, அந்த மண்ணில் உள்ள செடிகொடிகளும் விலங்குகளின் உடல்களும் மக்காமல் கிடக்கின்றன.

வடக்கு உறைமண் பகுதியில் இப்படி இருக்கும் கார்பன் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன். இன்று வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கார்பனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இப்போது அந்தப் பெட்டியின் மின்சாரம் விட்டு விட்டுப் போகிறது. வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. 2020 ஜூன் 20-ஆம் தேதி சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானது. பினாங்கிலேயே அது கொளுத்தும் வெயில்தான்.

உறைமண் உருகும்போது இரண்டு விதமாக நடக்கலாம்.

ஒன்று, தண்ணீர் வடிந்து மண் உலர்ந்துவிடும். அப்போது நம் செம்பனைத் தோட்டத்தில் நடப்பதேதான்: காற்று புகும், மண் மக்கும், கார்பன் டை ஆக்சைடு வரும்.

இரண்டு, மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி, நிலம் உள்வாங்கி, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிடும். ஏரியின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே ஆக்சிஜன் தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளிவிடுவது மீத்தேன். அது குமிழ் குமிழாக மேலே வரும். குளிர்காலத்தில் ஏரியின் மேல்பரப்பு உறைந்தால், குமிழ்கள் பனிக்கு அடியில் வெள்ளைத் தட்டுகள்போல மாட்டிக்கொள்ளும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்டர் ஆன்டனி அந்தப் பனியில் துளை போட்டுத் தீக்குச்சி காட்டும் காணொளிகளை இணையத்தில் பார்த்திருக்கலாம். ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும்.

வடக்கிலும் பீட் தீ உண்டு. சில இடங்களில் கோடையில் பிடித்த தீ, குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கனன்று, அடுத்த வசந்தத்தில் மறுபடி எழுந்துவிடுகிறது. 'ஸோம்பி தீ' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2023-இல் கனடாவில் மட்டும் 15 மில்லியன் ஹெக்டர் அளவுக்குக் காடுகள் எரிந்தன.

அமெரிக்காவின் நோவா அமைப்பு வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் வடதுருவ அறிக்கை ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கார்பனை உள்ளிழுத்துவந்த தூந்திர நிலம், காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால், இப்போது கார்பனை வெளியேற்றும் இடமாகிவிட்டது.

மீத்தேனா, கார்பன் டை ஆக்சைடா: எது மோசம்?

மீத்தேன் வேகமாகச் சூடேற்றும், சீக்கிரம் போய்விடும். காற்றில் அது சுமார் 12 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு டன் மீத்தேன், 20 ஆண்டு அளவில் பார்த்தால், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 100 ஆண்டு அளவில் பார்த்தால் சுமார் 28 மடங்கு.

கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லை. ஒருமுறை ஏறினால், அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நைட்ரஸ் ஆக்சைடு. பீட் நிலத்தில் உரம் போடும்போது இது கூடும். அளவு கொஞ்சம்தான் என்றாலும், 100 ஆண்டு அளவில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வலிமையானது.

அப்போ ஈரமா வெச்சாலும் மீத்தேன் வருமே?

நியாயமான கேள்வி. வரத்தான் செய்யும். உலகில் இயற்கையாக வெளியேறும் மீத்தேனில் ஈரநிலங்களின் பங்குதான் மிகப் பெரியது. போர்னியோவின் பீட் காடுகளில் அளந்து பார்த்தபோது, மண்ணைவிட மரத்தண்டுகள் வழியாகவே அதிக மீத்தேன் வெளியேறுவதும் தெரியவந்தது. மரம் ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது.

ஆனால் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமான பீட் காடு மீத்தேனை விடுகிறது. அதே சமயம் ஆயிரமாயிரம் ஆண்டுக் கார்பனை உள்ளே வைத்திருக்கிறது, எரியாமலும் இருக்கிறது. உலர்ந்த பீட் மீத்தேனைக் குறைக்கிறது; பதிலுக்கு ஹெக்டருக்கு 40 டன் கார்பன் டை ஆக்சைடை ஒவ்வோர் ஆண்டும் விடுகிறது, தீக்கும் தயாராக இருக்கிறது. நீண்ட காலக் கணக்கில் ஈரமே லாபம். மீத்தேன் விரைவில் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு போகாது.

இதைச் சும்மா ஊகித்துச் சொல்வதில்லை. காட்டுக்கு மேலே உயரமான கோபுரம் நட்டு, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வாயுவைத் தூக்கிச் செல்கிறது என்று நொடிக்குப் பல முறை அளக்கிறார்கள். சரவாக் வெப்பமண்டல பீட் ஆய்வுக்கழகம் மாலுடாம் தேசியப் பூங்காவில் இப்படி அளந்துவருகிறது.

என்ன செய்கிறார்கள்?

வடக்குக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான்.

உருகும் உறைமண்ணை யாராலும் போய் மறுபடி உறையவைக்க முடியாது. உலகம் முழுக்க எண்ணெய், நிலக்கரி எரிப்பதைக் குறைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதுதான் ஒரே வழி. ஆனால் நம் பீட் நிலத்தை உலர்த்தியது வெட்டிய கால்வாய். கால்வாயை அடைத்தால் தண்ணீர் திரும்ப ஏறும். மண்வெட்டியும் மரப்பலகையும் மண்மூட்டையும் இருந்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை.

சிலாங்கூரின் வடபகுதியில் உள்ள ராஜா மூசா வனக்காப்பகம் அதற்கு உதாரணம். மரம் வெட்டிக் கொண்டுபோகவும் பிறகு ஆக்கிரமித்துப் பயிரிடவும் அங்கே கால்வாய்கள் வெட்டப்பட்டன, அடிக்கடி தீப்பிடித்தது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் அங்கே கால்வாய்களை அடைத்து, மாஹாங் மரக்கன்றுகளை நட்டுவருகின்றன. சுற்றுவட்டாரக் கிராம மக்களும் மாணவர்களும் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் காடு தேக்கிவைக்கும் தண்ணீர், தஞ்சோங் காராங் பக்கத்து நெல் வயல்களுக்கும் தேவை.

அரசாங்க அளவிலும் மாற்றங்கள் உண்டு. ஆசியான் நாடுகள் 2002-இல் எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிரான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ய 2014 வரை ஆனது. 2015-இன் பெருந்தீக்குப் பிறகு, 2016 ஜனவரியில் அது பீட் நிலச் சீரமைப்புக்கென்று தனி அமைப்பை உருவாக்கியது. மலேசியா 2019-இல் பீட் நிலத்தில் புதிதாகச் செம்பனை நடுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

ஏற்கெனவே நட்ட தோட்டங்களை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. அவற்றை நம்பிச் சிறுதோட்டக்காரர்களும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். கால்வாய் மட்டத்தை உயர்த்தி வைத்தால் கசிவு ஓரளவு குறையும், நிற்காது. அதனால் சிலர் வேறு வழி தேடுகிறார்கள்: தண்ணீரை வடிக்காமல், ஈரத்திலேயே வளரும் மரத்தை நட்டு வருமானம் பார்ப்பது. அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பது நம்ம சதுப்பு ஜெலுத்தோங். சூயிங்கம் ஆலைகள் ஒரு காலத்தில் வாங்கியது அதன் பாலைத்தான். பென்சில் செய்ய ஏற்ற, லேசான மரம் அது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சீரமைக்கப்படும் பீட் நிலங்களில் இப்போது அதை நடுகிறார்கள். ஆனால் செம்பனை மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். ஜெலுத்தோங் பால் தரவே அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகும். அந்தக் காத்திருப்புக் காலத்துக்கான செலவை யார் தருவது என்பது இன்னும் தீரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

கால்வாயை அடைக்க எல்லோராலும் போக முடியாது. ஆனால் சில விஷயங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன.

தோட்டத்துக்கு மண் வாங்கும்போது பையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'பீட் மோஸ்' என்று இருந்தால், அது ஏதோ ஒரு வடநாட்டுச் சதுப்பிலிருந்து வெட்டியெடுத்தது. தேங்காய்நார்த் தூள் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும்.

சமையல் கழிவைத் தனியாகப் பிரியுங்கள். குப்பைமேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும் சோறும் காய்கறித் தோலும் வடக்கு ஏரியின் அடியில் நடப்பதையே செய்கின்றன: மீத்தேன். வெளியே காற்றோட்டமாக மக்கவைத்தால் உரமாகும்.

புகைமூட்டம் வரும் மாதங்களில், காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது உடல்நலத்துக்குக் கேடான நிலை. வயதானவர்களையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி முகக்கவசம் அந்த நுண்துகள்களைத் தடுக்காது. என்95 வகை வேண்டும்.

அடுத்த முறை புகை வரும்போது 'யார் தீ வைச்சது?' என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நிலத்தில் தண்ணீர் இருந்ததா? ஈரமான பீட்டில் தீக்குச்சி போட்டாலும் பரவாது. உலர்ந்த பீட்டில், தீயே வைக்காவிட்டாலும் கார்பன் போய்க்கொண்டுதான் இருக்கும்.